கர்தினால் ஜார்ஜ் பெல்: விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகும் அடங்காத கோபம்

2023 பிப்ரவரி 2 அன்று சிட்னியின் செயின்ட் மேரீஸ் பேராலயத்தில் கர்தினால் ஜார்ஜ் பெல்லின் இறுதித் திருப்பலி நடந்தது. முன்னாள் பிரதமர்கள் ஜான் ஹோவர்டும் டோனி அபாட்டும் வந்திருந்தார்கள். அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டனும் வந்திருந்தார். இடம் கிடைக்காத மக்கள் வெளியே வளாகத்தில் நின்று செபித்தார்கள். கொஞ்ச தூரத்தில், போலீஸ் வரிசைக்கு அந்தப் பக்கம், "ஜார்ஜ் பெல், நரகத்துக்குப் போ" என்று இன்னொரு கூட்டம் கோஷம் போட்டது. பேராலயத்தின் இரும்பு வேலியில் பல நிற ரிப்பன்கள் கட்டப்பட்டிருந்தன. திருச்சபையில் பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகளின் நினைவாகக் கட்டப்பட்டவை அவை.

தூரத்திலிருந்து செய்தியைப் படிப்பவருக்கு இது புரியாது. பெல் மீதான பாலியல் வழக்கில் ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2020-லேயே ஏழு நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பில் அவரை விடுவித்துவிட்டது. வழக்கு முடிந்த மனிதரின் சவப்பெட்டிக்கு முன்னால் எதற்கு இவ்வளவு ஆத்திரம்? இன்னொரு பக்கம், இவ்வளவு பேர் வெறுக்கும் ஒருவரை "நம் காலத்துப் புனிதர்" என்று ஒரு முன்னாள் பிரதமர் சொல்வது எப்படி?

பெல்லைப் பற்றிய சண்டையில் நான்கு தனித்தனிக் கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இவற்றைப் பிரித்து வைத்தால்தான் இரண்டு தரப்பும் எதைப் பேசுகிறது என்பது தெரியும்.

1. 1996-97-ல் மெல்போர்ன் பேராலயத்தில் இரண்டு சிறுவர்களை அவர் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினாரா?
2. மற்ற பாதிரியார்கள் குழந்தைகளைச் சீரழித்தது அவருக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் சும்மா இருந்தாரா?
3. பேராயரான பிறகு, நியாயம் கேட்டு வந்த பாதிக்கப்பட்டவர்களை எப்படி நடத்தினார்?
4. ஓரினச் சேர்க்கை, நற்கருணை (திருப்பலியில் தரும் அப்பம்), திருச்சபைச் சீர்திருத்தம் போன்றவற்றில் அவர் எடுத்த நிலைப்பாடு சரியா?

நீதிமன்றம் பதில் சொன்னது முதல் கேள்விக்கு மட்டும்தான். மற்ற மூன்றும் அந்த வழக்கில் எழவே இல்லை.

யார் இந்த பெல்

1941-ல் விக்டோரியா மாநிலத்தின் பல்லாரட் நகரில் பிறந்தவர். தங்கச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர் அது. ஐரிஷ் கத்தோலிக்கர் நிறைந்த ஊரும்கூட. அப்பா மதுக்கடை நடத்தினார். இளம் வயதில் ஆஸ்திரேலியக் கால்பந்தில் ரிச்மண்ட் அணிக்காக ஆட ஒப்பந்தம் போடும் அளவுக்குத் திறமை இருந்தது. அதை விட்டுவிட்டுக் குருமடம் போனார். 1966-ல் ரோமில் குருப்பட்டம் பெற்றார், ஆக்ஸ்போர்டில் முனைவர் பட்டம் பெற்றார், பிறகு சொந்த மறைமாவட்டத்துக்கே (ஒரு பிஷப்பின் நிர்வாகப் பகுதி) திரும்பினார்.

அதன் பிறகு ஏறுமுகம்தான். 1987-ல் மெல்போர்ன் துணை ஆயர் (பிஷப்), 1996-ல் மெல்போர்ன் பேராயர், 2001-ல் சிட்னி பேராயர், 2003-ல் கர்தினால். கர்தினால் என்றால் திருத்தந்தையை (போப்பை) தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற வட்டத்தில் ஒருவர் என்று பொருள்; 80 வயது வரை அந்த வாக்குரிமை உண்டு. 2014-ல் திருத்தந்தை பிரான்சிஸ், வத்திக்கானின் கணக்கு வழக்குகளை ஒழுங்குபடுத்தப் புதிதாக உருவாக்கிய பொருளாதாரச் செயலகத்துக்கு இவரைத் தலைவராக்கினார். எந்தக் கணக்கிலும் வராமல் பல கோடி யூரோக்கள் வத்திக்கான் அலுவலகங்களில் கிடந்ததை வெளியில் சொன்னவர் பெல்தான். அங்கே அவருக்கு எதிரிகள் உருவானதற்கு அதுவும் ஒரு காரணம். ஆஸ்திரேலியர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கத்தோலிக்கர். அவர்களில் எவரும் பெல் எட்டிய உயரத்தை அதற்கு முன் வத்திக்கானில் எட்டியதில்லை.

2023 ஜனவரி 10 அன்று ரோமில் இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பின் மாரடைப்பால் இறந்தார். வயது 81.

முதல் கேள்வி: வழக்கும் விடுதலையும்

1996 டிசம்பரில் ஒரு ஞாயிறு. மெல்போர்னின் செயின்ட் பேட்ரிக்ஸ் பேராலயத்தில் திருப்பலி முடிந்த கையோடு, குருக்கள் திருவுடை மாற்றும் அறையில் பாடகர் குழுவைச் சேர்ந்த இரண்டு 13 வயதுச் சிறுவர்களிடம் பெல் பாலியல் வன்முறையில் ஈடுபட்டார் என்பதுதான் முக்கியக் குற்றச்சாட்டு. சில வாரங்களுக்குப் பின் அவர்களில் ஒருவனிடம் மறுபடி அத்துமீறினார் என்பது இன்னொன்று. அந்த இருவரில் ஒருவர் 2014-ல் இறந்துவிட்டார். மற்றவர் 2015-ல் போலீசில் புகார் கொடுத்தார். பெல் கடைசி வரை எல்லாவற்றையும் மறுத்தார்.

வழக்கு போன பாதை:

1. 2017 ஜூன்: விக்டோரியா போலீஸ் குற்றம் சாட்டியது. பெல் வத்திக்கானிலிருந்து திரும்பி வந்து வழக்கைச் சந்தித்தார்.
2. 2018: முதல் விசாரணையில் ஜூரி (குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) ஒரு முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது. இரண்டாவது ஜூரி டிசம்பர் 11 அன்று ஐந்து குற்றச்சாட்டுகளிலும் ஒருமனதாகக் குற்றவாளி என்றது.
3. 2019 மார்ச்: ஆறு ஆண்டு சிறை.
4. 2019 ஆகஸ்ட்: மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தண்டனையை உறுதி செய்தது.
5. 2020 ஏப்ரல் 7: ஹை கோர்ட் ஏழுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் விடுவித்தது. அதற்குள் 13 மாதம் சிறையில் கழித்திருந்தார்.

நம் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஹை கோர்ட்தான் நாட்டின் கடைசி நீதிமன்றம். சுப்ரீம் கோர்ட் என்பது மாநில அளவில் உள்ளது. இந்தியாவுக்கு நேர்த் தலைகீழ். "ஹை கோர்ட்தானே விடுவித்தது, மேலே போகலாமே" என்று யாராவது கேட்டால், மேலே போக இடமில்லை என்பதுதான் பதில்.

சரி, ஹை கோர்ட் என்ன சொன்னது? புகார் கொடுத்தவர் பொய் சொல்கிறார் என்று அது சொல்லவில்லை. அவருடைய சாட்சியம் நம்பகமானது என்ற மதிப்பீட்டை அது தள்ளவும் இல்லை. அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய வேறு சாட்சியங்கள் இருந்தன. திருப்பலி முடிந்ததும் பேராயர் வழக்கமாக வாசல் படியில் நின்று மக்களிடம் பேசுவார், திருவுடையில் இருக்கும்வரை எப்போதும் ஒருவர் கூடவே இருப்பார், அந்த அறைக்குள் அந்த நேரத்தில் ஆட்கள் போய்வந்துகொண்டே இருப்பார்கள் என்று பேராலயத்தில் பணியாற்றிய பலர் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை அரசுத் தரப்பு உடைக்கவில்லை. அப்படியிருக்க, பகுத்தறிவோடு யோசிக்கும் ஜூரிக்கு ஒரு நியாயமான சந்தேகம் வந்திருக்க வேண்டும். நிரபராதி ஒருவர் தண்டிக்கப்பட்டிருக்கும் வாய்ப்பு கணிசமாக இருக்கிறது என்றது நீதிமன்றம்.

கிரிமினல் வழக்கில் குற்றம் "நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி" நிரூபிக்கப்பட வேண்டும். நிரூபிக்கப்படாவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவர் சட்டத்தின் கண்ணில் நிரபராதி, அரைகுறையாக அல்ல, முழுமையாக. பெல் அந்த நிலையில்தான் இறந்தார். இதை யார் எழுதினாலும் தயக்கமில்லாமல் எழுத வேண்டும்.

தீர்ப்பு வந்த மறுநாள் புகார்தாரர் ஓர் அறிக்கை விட்டார். தீர்ப்பை மதிக்கிறேன், முடிவை ஏற்கிறேன் என்றார். இந்த வழக்கைப் பார்த்துப் பாதிக்கப்பட்ட மற்றவர்கள் புகார் கொடுக்கத் தயங்கிவிடக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். வெளியே கத்திய பலருக்கும் இல்லாத நிதானம் அந்த அறிக்கையில் இருந்தது.

இரண்டாவது கேள்வி: அவருக்கு என்ன தெரிந்திருந்தது

இங்கிருந்துதான் கதை மாறுகிறது. 2012-ல் அன்றைய பிரதமர் ஜூலியா கில்லார்ட், நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நடந்த பாலியல் கொடுமை பற்றி விசாரிக்க ஒரு ராயல் கமிஷனை அறிவித்தார். ஆஸ்திரேலியாவில் ராயல் கமிஷன் என்பது அரசு அமைக்கும் மிக உயர்ந்த விசாரணை ஆணையம். சாட்சிகளைக் கட்டாயமாக அழைக்கலாம், ஆவணங்களைப் பறிமுதல் செய்யலாம். தண்டனை கொடுக்க முடியாது. என்ன நடந்தது என்று முடிவு சொல்லலாம், பரிந்துரைக்கலாம். அதன் முடிவுகளுக்குக் கிரிமினல் வழக்கு அளவுக்கு நிரூபணம் தேவையில்லை.

பள்ளி, விளையாட்டு மன்றம், அநாதை இல்லம், எல்லா மத நிறுவனங்கள் என்று அது ஐந்து ஆண்டு விசாரித்தது. 8,000-க்கும் மேற்பட்டவர்கள் தனி அறையில் ஆணையர்களிடம் தங்கள் கதையைச் சொன்னார்கள். 1950 முதல் 2010 வரை ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய கத்தோலிக்கப் பாதிரியார்களில் 7 சதவீதம் பேர் மீது குழந்தைப் பாலியல் குற்றச்சாட்டு இருந்தது என்பது அது வெளியிட்ட தகவல். 1980-லிருந்து 2015 வரை 4,444 பேர் கத்தோலிக்க நிறுவனங்களிடம் இப்படிப் புகார் செய்திருந்தார்கள்.

அந்தக் கணக்கில் பல்லாரட் தனியாகத் தெரிகிறது. ஜெரால்ட் ரிட்ஸ்டேல் என்ற பாதிரியார் இந்த மறைமாவட்டத்தில் ஒரு பங்கிலிருந்து (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட பகுதி) இன்னொரு பங்குக்கு என மாற்றப்பட்டு, போன இடமெல்லாம் குழந்தைகளைச் சீரழித்தவர். பின்னாளில் 70-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இழைத்த குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டு, 2025-ல் சிறையிலேயே இறந்தார். 1973-ல் இளம் குருவான பெல், கிழக்குப் பல்லாரட்டில் இதே ரிட்ஸ்டேலோடு ஒரே குருக்கள் இல்லத்தில் தங்கியிருந்தார். 1977 முதல் அந்த ஊர் ஆயரின் ஆலோசகர் குழுவில் இருந்தார். பாதிரியார்களை எந்தப் பங்குக்கு அனுப்புவது என்று ஆயருக்கு யோசனை சொல்லும் குருக்கள் குழு அது. 1993-ல் ரிட்ஸ்டேல் முதன்முதலில் நீதிமன்றம் வந்தபோது, கறுப்புக் கண்ணாடி போட்ட அவர் பக்கத்தில் பெல் நடந்து வந்தார். அந்தப் புகைப்படம் முப்பது ஆண்டு அவரைத் துரத்தியது.

2016-ல் பெல் உடல்நிலையைக் காரணம் காட்டி ஆஸ்திரேலியா வர மறுத்து, ரோமில் ஒரு ஹோட்டலிலிருந்து காணொளி வழியாகச் சாட்சி சொன்னார். பல்லாரட்டில் பாதிக்கப்பட்டவர்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டி, விமானம் ஏறி, ரோம் போய் அதே அறையில் உட்கார்ந்து கேட்டார்கள். ரிட்ஸ்டேல் ஒரு ஊரில் செய்த குற்றங்கள் பற்றிக் கேட்டபோது, அது சோகமான கதை, எனக்கு அதில் பெரிய ஆர்வம் இருக்கவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். சொன்ன விதம் தவறு என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் பல்லாரட்காரர்கள் அதை மறக்கவில்லை.

ஆணையத்தின் இறுதி அறிக்கை 2017 டிசம்பரில் வந்தது. அதில் பெல் பற்றிய பக்கங்கள் கறுப்பு மை பூசி மறைக்கப்பட்டிருந்தன. வழக்கு நடந்துகொண்டிருந்ததால், ஜூரியின் மனதைப் பாதிக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். விடுதலைக்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, 2020 மே 7 அன்று அந்தப் பக்கங்கள் வெளியாயின. அவற்றிலிருந்த முக்கிய முடிவுகள் மூன்று.

1. 1973-லேயே பாதிரியார்கள் குழந்தைகளிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபடுவது பெல்லின் கவனத்தில் இருந்தது. ரிட்ஸ்டேல் சிறுவர்களை இரவு முகாம்களுக்கு அழைத்துப் போவது சரியா என்றும் அவர் யோசித்திருக்கிறார்.
2. 1982-ல் ரிட்ஸ்டேலை ஒரு பங்கிலிருந்து ஏன் மாற்றுகிறார்கள் என்பது ஆலோசகர் கூட்டத்தில் பெல்லுக்குச் சொல்லப்பட்டது. தன்னிடம் மறைத்துவிட்டார்கள் என்ற அவருடைய வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை.
3. 1989-ல் டவ்டன் என்ற இடத்தின் பங்குத்தந்தை பீட்டர் சியர்சன் பற்றி ஆசிரியர்கள் நேரில் வந்து முறையிட்டார்கள். துணை ஆயராக இருந்த பெல் அவரை நீக்கச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

இந்த முடிவுகள் ஆச்சரியம் தருகின்றன, ஆதாரங்களுக்குப் பொருந்தவில்லை என்று பெல் பதில் சொன்னார். அவர் ஆதரவாளர்களும் இன்று வரை அதையே சொல்கிறார்கள். மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஹை கோர்ட் இவற்றைத் தள்ளுபடி செய்துவிட்டது என்று சொல்வது உண்மைக்கு மாறானது. இவை அந்த நீதிமன்றத்தின் முன் வரவே இல்லை.

மூன்றாவது கேள்வி: பணம், சட்டம், மன்னிப்பு

பல்லாரட்டுக்கு வெளியே கோபம் பரவியதற்கு, என் பார்வையில், இதுதான் பெரிய காரணம். முதல் இரண்டு கேள்விகளில் என்ன நடந்தது என்பதிலேயே சண்டை. இங்கே நடந்தது பெரும்பாலும் எழுத்தில் இருக்கிறது.

1996 அக்டோபரில், பேராயரான சில மாதங்களிலேயே, பெல் மெல்போர்ன் ரெஸ்பான்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் திருச்சபை நியமித்த ஒரு மூத்த வழக்கறிஞரிடம் போகலாம். அவர் விசாரித்து உண்மை என்றால், இழப்பீடும் மனநல ஆலோசனையும் கிடைக்கும். உலகில் இப்படி ஒரு திட்டம் கொண்டுவந்த முதல் ஆயர்களில் பெல்லும் ஒருவர் என்று அவர் ஆதரவாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. அவருக்கு முன்னிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டிருந்தபோது, அவர் ஏதோ ஒரு வாசலைத் திறந்தார்.

திறந்த வாசலுக்கு உயரம் குறைவு. தொடக்கத்தில் இழப்பீட்டின் உச்சவரம்பு 50,000 ஆஸ்திரேலிய டாலர். நீதிமன்றம் போயிருந்தால் கிடைத்திருக்கக் கூடியதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. பணத்தை வாங்கினால் திருச்சபை மீது மேற்கொண்டு வழக்குப் போடும் உரிமையை எழுதிக் கொடுக்க வேண்டும். விசாரிப்பவரும் திருச்சபை நியமித்தவர்.

மெல்போர்னைச் சேர்ந்த ஆண்டனி, கிறிஸ்ஸி ஃபாஸ்டர் தம்பதியின் இரண்டு மகள்கள் ஆரம்பப் பள்ளி வயதில் பங்குத்தந்தையால் சீரழிக்கப்பட்டவர்கள். பெற்றோர் பெல்லை நேரில் சந்தித்தார்கள். அந்தச் சந்திப்பில் இரக்கம் என்பதே அவரிடம் இல்லை என்று ஆண்டனி ஃபாஸ்டர் பின்னர் விக்டோரியா நாடாளுமன்ற விசாரணையில் சொன்னார். ஃபாஸ்டர் குடும்பம் இழப்பீட்டுத் திட்டத்தை மறுத்துவிட்டு நீதிமன்றம் போய்ப் பல ஆண்டு போராடியது. 2014-ல் ராயல் கமிஷன் முன் பெல் ஓர் உதாரணம் சொன்னார்: ஒரு லாரி ஓட்டுநர் வழியில் ஏற்றிக்கொண்ட பெண்ணிடம் அத்துமீறினால் அதற்கு லாரிக் கம்பெனி தலைமை பொறுப்பாகுமா? அதுபோலத்தான் திருச்சபையும் என்றார். பங்குத்தந்தை என்பவர் யாரோ ஓட்டுநர் இல்லை. ஆயர் அனுப்பி வைத்தவர், பெற்றோர் "ஃபாதர்" என்று கூப்பிட்டுப் பிள்ளையை நம்பி விட்டவர். அந்த வித்தியாசம் ஒரு கர்தினாலுக்குப் புரியவில்லையே என்பதுதான் பலரையும் நோகடித்தது.

அப்புறம் எல்லிஸ் வழக்கு. சிட்னியில் பீடச் சிறுவனாக (திருப்பலியில் குருவுக்கு உதவுபவன்) இருந்தபோது ஒரு பாதிரியாரால் பாதிக்கப்பட்ட ஜான் எல்லிஸ், வளர்ந்து வழக்கறிஞரானார். திருச்சபையின் சொந்த நடைமுறையில் முறையிட்டபோது, அவர் சொன்னது உண்மை என்று அவர்களே நியமித்த மதிப்பீட்டாளர் ஏற்றார். சமரசம் கூடிவராததால் எல்லிஸ் நீதிமன்றம் போனார். அங்கே திருச்சபையின் வழக்கறிஞர்கள் அவருக்கு அப்படி ஒன்று நடந்ததையே மறுத்துக் குறுக்கு விசாரணை செய்தார்கள். அதோடு ஒரு சட்ட வாதத்தையும் வைத்தார்கள்: "கத்தோலிக்கத் திருச்சபை" என்று சட்டத்தில் ஓர் ஆள் இல்லை, சொத்துகள் எல்லாம் ஓர் அறக்கட்டளையின் பெயரில் உள்ளன, அந்த அறக்கட்டளை பாதிரியார்களை நியமிப்பதில்லை, எனவே அவர்கள் செயலுக்கு அது பொறுப்பில்லை. 2007-ல் நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்றது.

அதாவது, குற்றம் செய்த பாதிரியார் செத்துவிட்டார், நியமித்த ஆயரும் மாறிவிட்டார், சொத்து வைத்திருப்பவர் மீது வழக்குப் போட முடியாது. அப்படியானால் பாதிக்கப்பட்டவர் யார் மீதுதான் வழக்குப் போடுவது? யார் மீதும் முடியாது. இந்த வாதத்துக்கு ஆஸ்திரேலியாவில் "எல்லிஸ் டிஃபென்ஸ்" என்றே பெயர் வந்துவிட்டது. அடுத்த பத்தாண்டு பலரைத் திருச்சபை கொடுக்கும் தொகையோடு திருப்திப்பட வைத்தது இந்தச் சுவர்தான். அப்போது சிட்னி பேராயர் பெல். வழக்கைக் கடுமையாக எதிர்த்து நடத்தும் முடிவில் அவருக்குப் பங்கு இருந்தது. 2014-ல் கமிஷன் முன்பு, கிறிஸ்தவ நோக்கில் தாங்கள் எல்லிஸிடம் நியாயமாக நடந்துகொள்ளவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

பெல் நேர்மையாக மன்னிப்புக் கேட்டார் என்று வைத்துக்கொண்டாலும், அந்த வாதத்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களின் ஆண்டுகள் திரும்பி வரப்போவதில்லை. வேலியில் ரிப்பன் கட்டியவர்களில் பலருக்கு 1996 டிசம்பர் ஞாயிறு என்ன நடந்தது என்பதைவிட இதுதான் முக்கியம்.

நான்காவது கேள்வி: கொள்கை

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஓரினச் சேர்க்கையாளர் என்று அடையாளம் காட்டும் பட்டை அணிந்து வந்தவர்களுக்கு நற்கருணை கொடுக்க மறுத்தவர் பெல். பருவநிலை மாற்றம் பற்றிய அறிவியலைச் சந்தேகித்தவர். பழமைவாதக் கத்தோலிக்கர்களுக்கு இதெல்லாம் அவருடைய துணிச்சலின் அடையாளம். சிட்னி இறுதிச் சடங்கு அன்று எதிர்ப்பு ஊர்வலத்தை ஏற்பாடு செய்தது பாலினச் சிறுபான்மையினர் உரிமை அமைப்பு ஒன்று. அதனால் வெளியே நின்ற கூட்டத்தில் இரண்டு வேறு வலிகள் கலந்திருந்தன. ரிப்பன் கட்டியவர்களும் கோஷம் போட்டவர்களும் எப்போதும் ஒரே ஆட்கள் இல்லை. தொலைக்காட்சியில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது.

இறந்த பிறகு ஏன் வெடித்தது

மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்தன.

1. அவதூறுச் சட்டம். ஆஸ்திரேலியாவில் இறந்தவருக்காக யாரும் அவதூறு வழக்குப் போட முடியாது. இந்தியாவில் அப்படியில்லை; குடும்பத்தாரின் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவர் மீது அபாண்டம் சொன்னால் அது இங்கே குற்றமாகலாம். பெல் உயிரோடு இருந்தவரை வழக்கறிஞர்களைக் கேட்டுக் கேட்டு எழுதியவர்கள் மரணத்துக்குப் பின் தடையில்லாமல் எழுதினார்கள். 2018 தீர்ப்பு பற்றிய தடை உத்தரவை மீறியதற்காக ஆஸ்திரேலிய ஊடகங்கள் 2021-ல் பத்து லட்சம் டாலருக்கு மேல் அபராதம் கட்டியிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2. அரசு மரியாதை. அன்றைய விக்டோரியா பிரீமியர் (மாநில முதல்வர்) டேனியல் ஆண்ட்ரூஸ், தானே கத்தோலிக்கர், அரசு இறுதிச் சடங்கு கிடையாது என்று உடனே சொல்லிவிட்டார். அப்படி ஒரு சடங்கு நடத்துவதைவிடப் பெரிய வேதனை பாதிக்கப்பட்டவர்களுக்கு இருக்க முடியாது என்றார். இதே விக்டோரியா அரசு 2017-ல் ஆண்டனி ஃபாஸ்டர் இறந்தபோது அவருக்கு அரசு இறுதிச் சடங்கு நடத்தியது. ஒரு மாநிலம் யாரை மதிக்கிறது என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது. பெல் ஆதரவாளர்கள் அவமதிப்பாக உணர்ந்தது இதனால்தான். பிரதமர் அல்பனீசி துக்கத்தில் இருக்கும் கத்தோலிக்கர்களுக்கு ஆறுதல் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார், சடங்குக்கு வரவில்லை.

3. புகழுரை. திருச்சபையின் குற்றங்களுக்காகப் பெல் பலிகடா ஆக்கப்பட்டார் என்று டோனி அபாட் பேராலயத்தில் பேசினார். அவர் சிறையில் இருந்ததைச் சிலுவைப்பாட்டோடு ஒப்பிட்டார்கள். செய்யாத குற்றத்துக்கு 13 மாதம் சிறையிலிருந்த முதியவருக்கு நடந்தது கொடுமை என்று நினைப்பவர்கள் அப்படிப் பேசுவது இயல்பு. ஆனால் அந்தப் பேச்சில் பல்லாரட் குழந்தைகள் போதுமான அளவு இடம்பெறவில்லை. வெளியே நின்றவர்களுக்கு அந்த மௌனம்தான் கேட்டது.

வேலியில் ரிப்பன் கட்டும் வழக்கமே 2015-ல் ஆணையம் பல்லாரட்டில் விசாரித்தபோது தொடங்கியதுதான். ஊர் மக்கள் பள்ளிகளின், ஆலயங்களின் வேலிகளில் ரிப்பன் கட்டினார்கள்: வாய் திறக்க முடியாமல் போன குழந்தைகளுக்காக. சிட்னியில் கட்டிய ரிப்பன்கள் சில அவிழ்க்கப்பட்டன, மறுபடி கட்டப்பட்டன, அது தொடர்பாகக் கைகலப்பும் நடந்தது.

பெல்லைப் பற்றிய சண்டை ரோமிலும் நடந்தது, வேறு காரணத்துக்காக. திருத்தந்தை பிரான்சிஸின் ஆட்சியை ஒரு பேரழிவு என்று விமர்சித்து, புனைபெயரில் கர்தினால்களிடையே சுற்றிய ஒரு குறிப்பை எழுதியவர் பெல்தான் என்று ஓர் இத்தாலியப் பத்திரிகையாளர் அவர் இறந்ததும் வெளியிட்டார். அதே பிரான்சிஸ்தான் சில நாட்களில் செயின்ட் பீட்டர்ஸ் பேராலயத்தில் பெல்லின் சவப்பெட்டிக்கு இறுதி ஆசி வழங்கினார்.

இரண்டு தவறான வாதங்கள்

"விடுதலையாகிவிட்டார், இனி யாரும் பேசக் கூடாது" என்பது ஒன்று. முதல் கேள்வியின் பதிலை எடுத்து இரண்டாவதன் மீதும் மூன்றாவதன் மீதும் ஒட்டும் வேலை இது. எல்லிஸ் வழக்கில் நடந்தது ஏழு நீதிபதிகள் விடுவித்ததால் மறைந்துவிடாது.

"இவ்வளவு செய்தவர், அதையும் செய்திருப்பார்" என்பது மற்றது. இதுவும் அதே தவறுதான், எதிர்த்திசையில். நிர்வாகியாக இரக்கமில்லாமல் நடந்தார் என்பது, ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட அறையில் அவர் ஒரு குற்றம் செய்தார் என்பதற்கு ஆதாரம் ஆகாது. பாதிக்கப்பட்டவர்களை நேசிப்பவர்கள்கூட இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்றே நினைக்கிறேன். ஏனென்றால் நாளைக்கு ஏதோ ஒரு குழந்தையின் உண்மையான புகார் நீதிமன்றம் போகும்போது, முறையான விசாரணை மேல் ஊருக்கு இருக்கும் நம்பிக்கைதான் அதற்குத் துணை.

இன்னும் முடியாதவை

ராயல் கமிஷனின் பரிந்துரைப்படி 2018 ஜூலையில் தேசிய நிவாரணத் திட்டம் தொடங்கியது. கமிஷன் இரண்டு லட்சம் டாலர் உச்சவரம்பு கேட்டது. அரசு ஒன்றரை லட்சம் வைத்தது. அதே ஆண்டு விக்டோரியா மாநிலம் சட்டம் போட்டு எல்லிஸ் வாதத்தைச் செல்லாததாக்கியது.

2014-ல் இறந்த அந்தப் பாடகர் குழுச் சிறுவனின் தந்தை, தன் மகனுக்கு நடந்ததாக நம்பும் கொடுமையால் தனக்கு ஏற்பட்ட மனப் பாதிப்புக்காக மெல்போர்ன் மறைமாநிலத்தின் (பேராயரின் மறைமாவட்டம்) மீதும் பெல் மீதும் சிவில் வழக்குத் தொடுத்தார். நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் மட்டுமே புதிய சட்டத்தைப் பயன்படுத்த முடியும் என்று திருச்சபை வாதிட்டது. தந்தையும் வழக்குப் போடலாம் என்று 2022 ஆகஸ்டில் விக்டோரியா சுப்ரீம் கோர்ட் சொன்னது. சிவில் வழக்கில் "நடந்திருக்க வாய்ப்பு அதிகமா" என்பதுதான் அளவுகோல். கிரிமினல் விடுதலைக்குப் பிறகும் சிவில் வழக்கு நடக்க முடிவது இந்த வித்தியாசத்தால்தான்.

இதற்கிடையில் 2024 நவம்பரில் ஹை கோர்ட்டிலிருந்து இன்னொரு தீர்ப்பு வந்தது. 1971-ல் விக்டோரியாவின் போர்ட் ஃபேரி என்ற ஊரில் ஐந்து வயதில் பாதிரியாரால் பாதிக்கப்பட்ட ஒருவர், பல்லாரட் மறைமாவட்டத்தின் மீது வழக்குப் போட்டிருந்தார். கீழ் நீதிமன்றங்கள் மறைமாவட்டம் பொறுப்பு என்றன. ஹை கோர்ட் மாற்றிச் சொன்னது: ஊழியர் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பேற்கும் சட்ட விதி ஊழியர்களுக்கு மட்டும்தான்; பாதிரியார் சட்டப்படி மறைமாவட்டத்தின் ஊழியர் அல்ல. 2014-ல் பெல் லாரிக் கம்பெனியை வைத்துச் சொன்ன வாதத்துக்கு, பத்தாண்டு கழித்து, வேறு பாதை வழியாகச் சட்டம் பக்கத்தில் வந்து நின்றது. மாநில அரசுகள் சட்டத்தைத் திருத்தி இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று பாதிக்கப்பட்டோர் தரப்பு கேட்டது. பழைய வழக்குகளில் திருச்சபையோடு சமரசம் பேச உட்கார்ந்தவர்களின் கையை அந்தத் தீர்ப்பு தாழ்த்தியது.